ஊனோவில் நிகழ்வுச் சீட்டு சேர்க்கலாமா? ஒரு சுற்று முன்னாலேயே சொல்லிவிட்டுச் சேர்க்கலாம்

கேள்வி இது: வார இறுதியில் ஆறு பேர் உட்கார்ந்து ஊனோ ஆடுகிறார்கள் (நிறமோ எண்ணோ பொருந்தும் சீட்டைப் போட்டு, கையை முதலில் காலி செய்பவர் வெல்லும் சீட்டாட்டம்; கையில் ஒன்றே மிஞ்சும்போது 'ஊனோ' என்று சொல்ல வேண்டும்). வயது 7 முதல் 45 வரை. ஆட்டம் சலித்துப்போனதால் துண்டுத்தாளில் இருபது நிகழ்வுகளை எழுதி வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி, ஆறு விழுந்தால் ஒரு தாளை எடுத்து அதன்படி செய்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே சண்டை. கையில் ஒரே ஒரு சீட்டோடு இருந்த பையனுக்கு, 'இடப்பக்கம் இருப்பவரோடு கையை மாற்று' (கையிலுள்ள சீட்டு முழுவதையும் மாற்றிக்கொள்) என்ற தாள் வந்து, பதினொரு சீட்டு கிடைத்தது. எழுந்து போய்விட்டான். இந்த யோசனையைக் கைவிடுவதா, சரிசெய்ய முடியுமா, எத்தனை நிகழ்வு வைக்கலாம், 7 வயதுப் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறார்கள்.

சரிசெய்ய முடியும், கைவிட வேண்டாம். ஊனோவே இப்படி ஒரு வீட்டுப் பேச்சில் பிறந்த ஆட்டம்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ரெடிங் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ், கிரேஸி எய்ட்ஸ் என்ற சீட்டாட்டத்தின் விதியைப் பற்றி மகனோடு வாக்குவாதம் வந்த பிறகு, 1971-ல் இதை உருவாக்கினார். குடும்பமே 8,000 டாலர் திரட்டி முதலில் 5,000 கட்டுகள் அச்சடித்தது. ஆகவே விதியைத் தொடலாமா என்று தயங்க வேண்டியதில்லை. எங்கே தொடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

அந்தப் பையன் ஏன் எழுந்து போனான் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை என்பதற்காக இல்லை. ஆட்டம் தொடங்கும்போது ஏழு சீட்டு பிரித்துக் கொடுக்கிறார்களே, அதுவும் முழுக்க அதிர்ஷ்டம்தான். ஒருவனுக்கு, அடுத்தவரை நான்கு சீட்டு எடுக்க வைக்கும் பிளஸ் ஃபோர் இரண்டு வரும், இன்னொருவனுக்கு வெறும் எண்களாக வரும். அதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. காரணம், அந்த அதிர்ஷ்டம் முதலில் வந்துவிடுகிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க அப்புறம் முழு ஆட்டமும் மிச்சமிருக்கிறது. பையனுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். பத்து நிமிடம் யோசித்து, நிறத்தைப் பார்த்து, பிளஸ் டூவைத் தாங்கி, ஆறு சீட்டை இறக்கி முடித்த பிறகு அதிர்ஷ்டம் வந்து அத்தனையையும் அழித்துவிட்டது. அதற்குப் பதிலாக அவன் செய்வதற்கு எதுவும் இல்லை.

முடிவெடுப்பதற்கு முன் வரும் அதிர்ஷ்டம் ஆட்டத்தை வளர்க்கும். முடிவெடுத்த பின் வரும் அதிர்ஷ்டம் ஏற்கெனவே ஆடிய ஆட்டத்தைத் தின்றுவிடும். நிகழ்வுச் சீட்டு சேர்ப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். நான் சொல்லப்போகிற மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

வேறு ஆட்டங்களிலும் இது அப்படியே பொருந்தும். 304 என்ற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு (ஒரே சின்னமுள்ள சீட்டுகளுக்கு) 76, நான்கு ஜாதிக்கும் சேர்த்து 304. எத்தனை புள்ளி எடுப்பேன் என்று முதலில் கேட்க வேண்டும்; அந்த ஆட்டத்தின் உயிரே கேட்டதைக் கணக்குப் பண்ணி எடுப்பதில் இருக்கிறது. நடுவில் ஒரு தாளை எடுத்து 'துருப்பு மாறியது' என்றால் மேசையில் யாரும் மிஞ்சமாட்டார்கள். நிகழ்வு வைத்தே ஆக வேண்டும் என்றால் முதல் நான்கு சீட்டைக் கொடுப்பதற்கு முன்னால் வைக்க வேண்டும். கேட்பவர் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கேட்பார். ஊனோ அவ்வளவு கணக்கு கேட்காது, அதனால் ஆட்டத்தின் நடுவிலும் நிகழ்வு வரலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும்.

இனி பகடைக்கு வருவோம். சுற்றுக்கு ஒருமுறை உருட்டி ஆறு விழுந்தால் நிகழ்வு என்றால், ஒரு ஆட்டம் ஆறு சுற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், சராசரியாக ஆட்டத்துக்கு ஒரு நிகழ்வு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆறு சுற்றிலும் ஒருமுறைகூட ஆறு விழாமல் போக வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆக, மூன்று ஆட்டத்தில் ஒன்றில் நிகழ்வே இருக்காது, இன்னொன்றில் இரண்டு மூன்று அடுத்தடுத்து விழுந்து ஆட்டத்தை மூழ்கடிக்கும். பகடைக்கு ஞாபகம் கிடையாது. போன சுற்றில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது.

பூஜ்யச் சீட்டு விழும்போது நிகழ்வு என்று சிலர் வைக்கிறார்கள். இது பகடையைவிட மேல், ஏனென்றால் பூஜ்யத்தைப் போடுவதா வேண்டாமா என்பது ஆடுபவர் கையில் இருக்கிறது. ஆனால் 108 சீட்டில் பூஜ்யம் நான்கே நான்கு. அந்த நான்கும் கட்டின் கீழ்ப்பாதியில் போய் உட்கார்ந்துகொள்ள ஏறத்தாழ நூற்றில் ஆறு வாய்ப்பு உண்டு. ஆட்டம் பாதிக் கட்டோடு முடிந்துவிட்டால் அன்றைக்கு நிகழ்வே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி பாண்டெமிக் என்ற பலகை ஆட்டத்திலிருந்து எடுத்தது. மாட் லீகாக் உருவாக்கி 2008-ல் வந்த அந்த ஆட்டத்தில், கொள்ளைநோய்ச் சீட்டுகளைக் கட்டோடு மொத்தமாகச் சேர்த்துக் கலைக்கமாட்டார்கள். கட்டை நான்கு, ஐந்து அல்லது ஆறு குவியலாகப் பிரித்து, குவியலுக்கு ஒரு கொள்ளைநோய்ச் சீட்டைப் போட்டு, தனித்தனியாகக் கலைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எப்போது வரும் என்று தெரியாது, வராமல் போகாது, எல்லாம் ஒரே இடத்தில் குவியாது. இத்தனை எளிய வேலையில் இவ்வளவு பயன் தரும் உத்தி சீட்டாட்டத்தில் குறைவு.

ஊனோவில் அதைச் செய்வது இப்படி. ஆறு பேருக்கு ஏழேழு கொடுத்தால் 42, திறந்து வைப்பது ஒன்று, மிச்சம் 65. அதிலிருந்து 36 சீட்டை எடுத்து பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று குவியலாக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளச் சீட்டைப் போட்டுக் கலைத்து, மூன்றையும் அடுக்கி, மீதி 29 சீட்டின்மேல் வையுங்கள். எடுக்கும்போது அடையாளச் சீட்டு யாருக்கு வருகிறதோ அவர் அதைக் காட்டிவிட்டு, நிகழ்வு ஒன்றைத் திறந்துவிட்டு, தனக்கு வேறு சீட்டு எடுத்துக்கொள்வார். இப்போது கடையில் கிடைக்கும் 112 சீட்டுக் கட்டில், நாமே விதி எழுதிக்கொள்வதற்கென்று வெற்று வைல்டு சீட்டு (எந்த நிறத்தின்மேலும் போடக்கூடியது) மூன்று இருக்கும்; பெரும்பாலான வீடுகளில் அவை பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. அந்த மூன்றும்தான் உங்கள் அடையாளச் சீட்டுகள். கைகளை இடம் மாற்றச் சொல்லும் நான்காவது கூடுதல் சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

பழைய 108 சீட்டுக் கட்டு வைத்திருப்பவர்கள் வேறு கட்டின் ஜோக்கரைச் சேர்க்காதீர்கள். முதுகுப்பக்கம் வேறாக இருப்பதால் கண்ணில் பட்டுவிடும். அதற்குப் பதிலாக மூன்று தாள் துண்டுகளைக் கட்டின் குறுக்கே, ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகுங்கள். நெருங்கி வருவது எல்லோருக்கும் தெரியும். எந்த நிகழ்வு என்பது மட்டும் தெரியாது. எனக்கு இதுவும் பிடிக்கும். தாள் துண்டு வருவதற்கு மூன்று சீட்டுக்கு முன்னால் மேசையில் ஒரு பரபரப்பு வரும்.

இப்போது முக்கியமான விதி. திறந்த நிகழ்வு உடனே அமலுக்கு வரக்கூடாது. முகம் மேலே இருக்கும்படி மேசை நடுவில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு முறை ஆட வாய்ப்புக் கிடைத்த பிறகுதான் அமலுக்கு வர வேண்டும். ஒற்றைச் சீட்டோடு இருந்த அந்தப் பையனுக்கு இந்த ஒரு விதி போதுமானதாக இருந்திருக்கும். என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் முடிக்கப் பார்க்க ஒரு முறை கிடைத்திருக்கும். மற்றவர்களுக்கும் அந்த ஒரு சுற்று முழுக்க வேலை இருக்கும்.

'ஒரு சுற்று' என்றால் எது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அடையாளச் சீட்டு எடுத்தவரிடம் முறை திரும்பி வந்தால் சுற்று முடிந்தது என்று வைத்தால், அடுத்தவர் ரிவர்ஸ் (ஆடும் திசையைத் திருப்பும் சீட்டு) போட்டதும் முறை உடனே திரும்பிவிடும். நான்கு பேர் ஆடியே இருக்கமாட்டார்கள். நாங்கள் நாணயம் வைத்துத் தீர்த்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ரூபாய் நாணயம். நிகழ்வு திறந்ததும், அவரவர் முறை முடிய முடிய நாணயத்தை நடுவில் தள்ள வேண்டும். ஸ்கிப் (அடுத்தவரின் முறையைப் பறிக்கும் சீட்டு) வாங்கியவர் ஆடவில்லை, அதனால் அவர் நாணயம் அங்கேயே இருக்கும். கடைசி நாணயம் நடுவுக்கு வந்ததும் நிகழ்வு தொடக்கம். அதன் பிறகு ஆடுபவர் ஒவ்வொருவரும் தன் நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார். கடைசி நாணயம் எடுக்கப்பட்டதும் நிகழ்வு முடிந்தது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அடையாளச் சீட்டு வந்தால் அது வரிசையில் காத்திருக்கட்டும்.

அடுத்தது, எப்படிப்பட்ட நிகழ்வுகள். நான் ஒரு காலத்தில் 24 எழுதினேன். இரண்டு மாதம் ஆடியதில் ஒன்பதுதான் தேறின. தேறியவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குணம் இருந்தது: கையில் இருக்கும் சீட்டின் எண்ணிக்கையை அவை தாமாக மாற்றவில்லை, மாற்றினால் எல்லோருக்கும் ஒரே அளவில் மாற்றின, அல்லது ஆடுபவரே விரும்பினால் மட்டும் மாற்றின. ஊனோவில் எண்ணிக்கைதான் ஒருவரின் உழைப்பு. அதைத் தொட்டால் உழைப்பைத் தொடுகிறோம்.

நிறப் பூட்டு என்று ஒன்று. அமலில் இருக்கும் சுற்றில் ஒரு நிறத்தை, சிவப்பு என்று வைத்துக்கொள்வோம், போடக்கூடாது. எழுத ஒரு வரிதான், ஆனால் முன்னறிவிப்போடு சேரும்போது ஆட்டமே மாறிவிடும். அறிவித்த சுற்றில் எல்லோரும் சிவப்பை இறக்கிவிடப் பார்ப்பார்கள். சிவப்பு குறைவாக வைத்திருப்பவர் வேறு நிறத்துக்கு இழுப்பார். எந்த நிறம் என்று தாளில் எழுதாதீர்கள். அறிவிக்கும்போது மேலே கிடக்கும் சீட்டின் நிறம் எதுவோ அது என்று வையுங்கள். பூட்டு விழும்போது மேலே சிவப்பே கிடந்தால், எண்ணோ குறியோ பொருந்தும் வேறு நிறச் சீட்டு அல்லது வைல்டு மட்டும் போடலாம். பிளஸ் ஃபோர் விஷயத்தையும் முன்பே பேசிவிடுங்கள். கட்டோடு வரும் விதிப்படி, மேலே கிடக்கும் நிறம் கையில் இல்லாதபோதுதான் பிளஸ் ஃபோர் போட முடியும். சந்தேகப்பட்டுக் கேட்கும்போது கையில் அந்த நிறம் இருந்தால் போட்டவர் நான்கு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டவர் ஆறு எடுக்க வேண்டும். பூட்டிய நிறம் கையில் இருந்தால் அது இருப்பதாகக் கணக்கா? கணக்கில்லை என்பது என் தீர்ப்பு. போட முடியாத சீட்டை இருப்பதாகச் சொல்லி ஒருவரைத் தண்டிக்கக்கூடாது.

சந்தை இன்னொன்று. இது அமலுக்கு வந்த கணமே நடந்து முடிந்துவிடும். எல்லோரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து நடுவில் வைத்து, அவற்றைக் கலைத்து, ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எண்ணிக்கை மாறாது, ஆனால் எதைக் கொடுப்பது என்ற கேள்வி நெஞ்சை அரிக்கும். ஒற்றைச் சீட்டுக்காரர் அதைத்தான் கொடுத்தாக வேண்டும். அவருக்கு வருவது நல்லதாகவும் இருக்கலாம்.

நான் எழுதியவற்றில் மனதுக்கு மிகவும் நெருக்கமானது கடன். நிகழ்வு நடக்கும் சுற்றில், உங்கள் முறையின்போது விரும்பினால் ஒரு சீட்டைக் கட்டின் அடியில் செருகிவிடலாம். சுற்று முடியும்போது அதற்குப் பதிலாக இரண்டு எடுக்க வேண்டும். கடன் வாங்கிய பின்னும் கையில் ஒரு சீட்டாவது மிஞ்ச வேண்டும், கடனாலேயே ஆட்டத்தை முடிக்கக்கூடாது. மூன்று சீட்டு வைத்திருப்பவர் ஒன்றைப் போட்டு ஒன்றைக் கடனுக்குத் தள்ளினால் ஒற்றைச் சீட்டுக்கு வந்துவிடுவார், ஊனோ சொல்ல வேண்டும், மேசையே அவர்மேல் பாயும். எட்டுச் சீட்டு வைத்திருப்பவர் கடன் வாங்கவே தேவையில்லை. ஒரே நிகழ்வு ஒவ்வொருவருக்கும் அவரவர் கைக்கேற்ற வேறு கேள்வியைக் கேட்கிறது. இதுதான் நல்ல நிகழ்வு.

இரட்டை என்ற ஒன்று (ஒரே எண் இரண்டு இருந்தால் சேர்த்துப் போடலாம்), திறந்த கை என்ற ஒன்று (ஆளுக்கு இரண்டு சீட்டைத் திறந்து வைத்தே ஆட வேண்டும்), பேச்சுத்தடை என்ற ஒன்று (நிறத்தைக் கைஜாடையில் சொல்ல வேண்டும், ஊனோவுக்குக் கையை உயர்த்த வேண்டும்) ஆகியவையும் நன்றாக ஓடும். விளக்கம் தேவைப்படாதவை.

தேறாதவற்றில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று கை மாற்றம். ஏழு போட்டால் ஒருவரோடு கை மாற்றலாம், பூஜ்யம் போட்டால் எல்லோரும் கையை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற வீட்டு விதியோடு பல இடங்களில் ஆடுகிறார்கள். அது ஓரளவு தாங்கும், ஏனென்றால் அந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்பது ஒருவரின் முடிவு. ஆனால் எண்ணிப் பாருங்கள்: கட்டில் ஏழு என்ற எண் உள்ள சீட்டு எட்டு, பூஜ்யம் நான்கு, மொத்தம் பன்னிரண்டு. 108-ல் ஒன்பதுக்கு ஒன்று. அந்த விதியோடு ஆடுகிறீர்கள் என்றால் உங்கள் கட்டில் ஏற்கெனவே பன்னிரண்டு நிகழ்வுச் சீட்டு இருக்கிறது. அதன்மேல் இன்னும் மூன்று சேர்த்தால் எதுவும் தங்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றொன்று, 'மிகக் குறைவான சீட்டு வைத்திருப்பவர் நான்கு எடுக்க வேண்டும்' என்பது. நியாயமாகத் தோன்றும், பின்தங்கியவருக்கு உதவும் என்று தோன்றும். எங்கள் வீட்டில் அது வந்த இரண்டாவது வாரமே எல்லோரும் ஐந்து சீட்டுக்குக் கீழே இறங்காமல் வேண்டுமென்றே காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் முன்னால் போக விரும்பாத ஆட்டம் நகராது. முன்னால் இருப்பவரைப் பிடித்து நிறுத்த பிளஸ் டூவும் ஸ்கிப்பும் போதும், அது மற்ற ஐந்து பேரின் வேலை. நிகழ்வு அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளக்கூடாது.

இந்த இடத்தில் மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டாட்டத்தில் செய்ததைச் சொன்னால் உதவும். 2009-ல் பிளேன்சேஸ் என்ற பலர் ஆடும் வகை வந்தது. மேசை நடுவில் ஒரு உலகச் சீட்டு திறந்திருக்கும், அதன் விதி எல்லோருக்கும் பொருந்தும். ஆறு முகப் பகடையில் ஒரு முகம் அடுத்த உலகத்துக்குக் கொண்டுபோகும், ஒரு முகம் குழப்பத்தை உண்டாக்கும், மீதி நான்கும் வெற்று. பகடை தானாக உருளாது என்பதுதான் அதன் அழகு. உருட்டலாமா என்பதை அந்த முறை ஆடுபவரே முடிவு செய்வார். முதல் உருட்டல் இலவசம், அதே முறையில் மறுபடி உருட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு மானா (அந்த ஆட்டத்தில் செலவழிக்கும் சக்தி) கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். நிகழ்வு வேண்டும் என்பவர் விலை கொடுக்கிறார். ஊனோவிலும் இதைச் செய்து பார்க்கலாம்: தன் முறையில் ஒரு சீட்டைக் கூடுதலாக எடுத்துக்கொள்பவர், ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்வை ரத்து செய்யலாம் என்று. பெரியவர்கள் மட்டும் ஆடும்போது நாங்கள் இப்படித்தான் ஆடுகிறோம்.

எத்தனை நிகழ்வு என்று கேட்டிருந்தீர்கள். தாளில் எட்டு ஒன்பது இருக்கட்டும், ஒரு ஆட்டத்துக்கு அடையாளச் சீட்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். மூன்றும் எல்லா ஆட்டத்திலும் வெளிவராது, அது பரவாயில்லை. ஒரே ஆட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்க்காமல், 500 புள்ளி வரை ஆடுங்கள். வென்றவருக்கு மற்றவர்கள் கையில் மிஞ்சியவற்றின் மதிப்பு: எண்ணுக்கு அந்த எண், ஸ்கிப், ரிவர்ஸ், பிளஸ் டூவுக்கு 20, வைல்டுக்கும் பிளஸ் ஃபோருக்கும் 50. ஒரு ஆட்டத்தில் நிகழ்வு ஒருவருக்குச் சாதகமாக விழுந்தாலும், ஐந்தாறு ஆட்டம் ஓடும்போது அது சமனாகும். பிளஸ் டூமேல் பிளஸ் டூ அடுக்கலாமா என்பதையும் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அடுக்கக்கூடாது என்று ஊனோ நிறுவனமே 2019-ல் ட்விட்டரில் சொன்னபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொந்தளித்தார்கள். அடுக்கி ஆடும் வீடு என்றால், அடுக்கு முடிந்து யாரோ ஒருவர் சீட்டை எடுத்த பிறகுதான் நிகழ்வு தொடங்கும் என்று வையுங்கள்.

கடைசியாக அந்த 7 வயதுப் பிள்ளை. நிகழ்வு எல்லாவற்றுக்கும் படம் வரையுங்கள்: பூட்டுக்குப் பூட்டு, சந்தைக்குக் கூடை, பேச்சுத்தடைக்கு உதட்டில் விரல். எழுத்து இரண்டு வரிக்குமேல் போக வேண்டாம். படத்தை அவளையே வரையச் சொல்லலாம். நாணயங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவளிடம் கொடுங்கள். யார் ஆடினார், யார் நாணயத்தைத் தள்ள மறந்தார் என்று அவள்தான் அறிவிப்பாள். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்த பிள்ளை மூன்றாவது வாரம், எல்லோரும் வரப்போகும் பூட்டுக்காகப் பச்சையை இறக்கிக்கொண்டிருந்தபோது, தன் கடைசிப் பச்சையை இறக்காமல் பிடித்து வைத்திருந்தாள். ஏன் என்று அப்புறம் கேட்டோம். பூட்டு திறந்ததும் வேறு யாரிடமும் பச்சை இருக்காது, தன்னிடம் மட்டும் இருக்கும், அப்போது நிறத்தைப் பச்சைக்கு மாற்றிவிட்டால் மற்ற எல்லோரும் கட்டிலிருந்து எடுக்க வேண்டியதுதான் என்றாள்.